வெள்ள நாளில் வீட்டுக் கழிவு: அசுத்தமும் தண்ணீரும் சேராதிருக்கட்டும்

(மழைக்காலத்தை முன்னிட்டு நம் அறக்கட்டளை மதரஸா மண்டபத்தில் நடத்திய குடும்பப் பாதுகாப்புக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற சமுதாய நலச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. வீட்டில் எடுத்து வைத்துத் தேவைப்படும்போது பார்க்க உதவும் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இன்று நான் பேச வந்திருப்பது மேடையில் யாரும் பேச விரும்பாத விஷயம். வெள்ளம் வந்து, வீட்டுக் கழிப்பறை உதவாமல் போய்விட்டால், மலத்தையும் சிறுநீரையும் என்ன செய்வது? இந்த வார்த்தைகளை இன்று பலமுறை சொல்லப் போகிறேன். சபையில் இதையெல்லாமா பேசுவது என்று யாரும் தலையைக் குனிய வேண்டாம். இஸ்தின்ஜாவையும் குளிப்பையும் சிறு பிள்ளைக்கும் மதரஸாவில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் சமுதாயம் நாம். தூய்மையைப் பற்றிப் பேச நமக்கு வெட்கம் தேவையில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரமெல்லாம் தண்ணீருக்குள் நின்றது. அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது அரிசி, பால், படகு, மின்சாரம் என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். மாடியில் 3 நாள் அடைபட்டுக் கிடந்த பெண்கள் எங்கே போனார்கள் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. சோற்றுப் பொட்டலம் வந்தால் சாப்பிடலாம். சாப்பிட்டால் அடுத்து என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள்.

ஒரே ஒரு விதி

நான் சொல்லப்போகும் எல்லாமே ஒரு விதிக்குள் அடங்கும். அசுத்தம் தண்ணீரோடு சேரக் கூடாது. மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒன்று மனதில் இருந்தால், அந்த நேரத்தில் என்ன செய்வது என்று உங்களுக்கே தோன்றும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? வயது வந்த ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் மலம் ஏறத்தாழ கால் கிலோ. சிறுநீர் ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர். 5 பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ மலம்தான். ஒரு சிறு வாளியில் அடங்கும் அளவு அது. அதையே கழிப்பறையில் ஊற்றி விடும்போது, ஒவ்வொரு முறையும் 6 லிட்டர், 8 லிட்டர் தண்ணீர் சேர்கிறது. ஒரு வாளிக் கழிவு ஒரு தொட்டிக் கழிவாகிவிடுகிறது. வெள்ள நேரத்தில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? செப்டிக் டேங்க் ஏற்கெனவே நிரம்பி, மூடி வழியாகப் பொங்கிக்கொண்டிருக்கும். தெருவில் கலக்கும். கிணற்றிலும், தரைத் தொட்டியிலும், ஒடுக்கத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாயிலும் போய்ச் சேரும்.

காலரா, டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலையில் ஏ, இ என்ற இரு வகைகள், இவை எல்லாம் மலத்திலிருந்து வாய்க்குப் போகும் நோய்கள். வழி மட்டும் வேறு வேறு. தண்ணீர் வழியாக, கை வழியாக, ஈ வழியாக, சாப்பாடு வழியாக.

ஹைட்டி என்ற நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010 ஜனவரியில் அங்கே பெரும் நிலநடுக்கம். அடுத்த சில மாதங்களில் அங்கே காலரா பரவவில்லை. அக்டோபரில் பரவியது. ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படை முகாம் ஒன்றின் கழிப்பறைக் கழிவு ஆற்றில் கலந்ததுதான் தொடக்கம் என்று பிறகு தெரியவந்தது. அந்தக் காலராவில் 8 லட்சம் பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2016-இல் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு முகாமின் கழிவு, ஒரு ஆறு, இத்தனை உயிர்கள். பேரிடர் முடிந்த பிறகுதான் இந்த ஆபத்து தொடங்குகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தேங்கிய நீரிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிக்கக் கூடாது என்று நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. அதற்குள்ளேயே இந்த விதியும் இருக்கிறது.

தண்ணீர் ஏறத் தொடங்கியதும்

கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் நிற்கிறதா? குமிழி வருகிறதா? குளியலறை ஜாலியில் கறுப்புத் தண்ணீர் எட்டிப் பார்க்கிறதா? அந்த நிமிடமே அந்தக் கழிப்பறை மூடப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு வாளி ஊற்றிப் பார்ப்போம்" என்று ஊற்றாதீர்கள். ஊற்றியது திரும்பி வரும்.

கனமான பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பிக் கட்டி, கோப்பைக்குள் இறுக்கி வையுங்கள். தரைத்தளத்துக் குளியலறை ஜாலிகளுக்கும் அப்படியே. வெள்ளம் முழுவதும் நின்றுவிடாது. ஆனால் கழிவு மேலேறி வீட்டுக்குள் பரவுவது குறையும். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தெரிந்தால், தரை நனைவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொட வேண்டாம்.

வெள்ளத் தண்ணீரில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். பார்க்க மழைத் தண்ணீர்போல் இருக்கும். தெருவில் உள்ள அத்தனை செப்டிக் டேங்க்கும் அதில் இருக்கிறது. எலியின் சிறுநீரும் இருக்கிறது. காலில் சிறு கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் வந்துவிடும்.

இரண்டு வாளி

நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் என்று ஒரு நகரம். 2011 பிப்ரவரி 22-இல் வந்த நிலநடுக்கத்தில் நிலத்தடிச் சாக்கடைக் குழாய்கள் உடைந்து போயின. வசதியான வீடுகள்தான். ஆனால் கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற முடியாது. தோட்டத்தில் குழி தோண்டினார்கள். தெருவில் வைத்த தற்காலிகக் கழிப்பறைகளுக்கு நடந்தார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த எளிய முறைதான் இரண்டு வாளி முறை. மலத்துக்கு ஒன்று, சிறுநீருக்கு ஒன்று.

ஏன் இரண்டு? மலமும் சிறுநீரும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நாற்றம் தாங்காது, கூழாகும், தூக்கும்போது சிந்தும். பிரித்துவிட்டால் மலம் காய ஆரம்பிக்கும். காய்ந்தால் நாற்றம் குறையும், ஈ வராது, கிருமியும் மெல்ல மெல்லச் சாகும்.

வேண்டிய பொருட்கள் எல்லாம் வீட்டில் கிடைப்பவைதான். மூடியோடு கூடிய 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு. கனமான குப்பைப் பைகள். உட்காருவதற்கு, பெரியவர்களுக்கு வாங்கிவைத்த கமோடு நாற்காலி இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, அடியில் வாளியை வையுங்கள். மூடுவதற்கு ஒரு சாக்கு நிறைய மரத்தூள், உமி, தேங்காய் நார்த்தூள் அல்லது சாம்பல். எதுவும் இல்லையென்றால் உலர்ந்த மணல். மணல் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, ஆனாலும் மூடாமல் விடுவதைவிட நல்லது.

மல வாளிக்குள் பையை இரட்டையாக விரித்து, அடியில் நாலு விரல் உயரத்துக்கு மரத்தூளோ உமியோ போடுங்கள். ஒவ்வொரு முறையும் போன பிறகு, மலம் கண்ணுக்குத் தெரியாதபடி மேலே தூவுங்கள். மூடியைப் போடுங்கள். பை பாதி நிரம்பியதும் மேலே ஒரு கை நீற்றிய சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கட்டிவிடுங்கள். முழுக்க நிரம்பவிட்டால் தூக்கும்போது கிழியும். சுண்ணாம்பு தூவும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சலைச் சுட்டெடுத்த, தண்ணீர் படாத சுண்ணாம்பை இதற்குப் போட வேண்டாம். ஈரம் பட்டதும் கொதிக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாற்றம் வருகிறது என்று வாளிக்குள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். சிறுநீரோடு அது சேர்ந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். அடைத்த அறையில் அது ஆபத்து.

நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள்

வெளிநாட்டில் எழுதிய குறிப்புகளை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அவர்கள் காகிதத்தால் துடைத்து வாளியில் போட்டுவிடுவார்கள். நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். மல வாளியின் மேலேயே உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினால், ஒரே நாளில் வாளி குழம்பாகிவிடும். இந்த முறையை முயன்ற வீடுகளில் பலர் கைவிடுவதற்கு இதுதான் காரணம்.

வழி நம்மிடமே இருக்கிறது. முதலில் காய்ந்த பொருளால் துடைத்துவிட்டு, அதன்பின் தண்ணீரால் கழுவுவதை நம் ஃபிக்ஹு நூல்கள் சிறந்ததாகவே சொல்கின்றன. பள்ளிவாசலில் கல் வைத்திருந்த காலத்தைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதையே செய்யுங்கள். டிஷ்யூ காகிதம் அல்லது பழைய பருத்திச் சேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் உட்கார்ந்தபடி துடைத்து, அந்தத் துண்டை மல வாளியிலேயே போட்டுவிடுங்கள். பிறகு எழுந்து, பக்கத்தில் வைத்த ஒரு பேசினின் மேல் அமர்ந்து, கால் லிட்டர் தண்ணீரில் கழுவுங்கள். முதலில் துடைத்துவிட்டதால் கால் லிட்டர் போதும். 5 பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வராது. இதைத் தனியாக மூடியுள்ள கேனில் ஊற்றிவையுங்கள். இந்தத் தண்ணீரில் மலத்தின் கிருமி இருக்கிறது. ஆகவே சிறுநீரோடு சேர்க்க வேண்டாம்.

தண்ணீரே கிடைக்காத நிலைமை வந்தால், துடைத்தலே போதுமாகும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. ஒளுவுக்குத் தயம்மும் இருக்கிறது. எத்தனை முறை துடைப்பது, நனைந்த உடையோடு எப்படித் தொழுவது போன்ற சட்டங்களை இங்கே அமர்ந்திருக்கும் ஆலிம்களிடம் மழை வருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடிப்பதற்கே தண்ணீர் இல்லாத வீட்டில், இருக்கும் ஒரு குடத்தையும் கழுவவே செலவழித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளத் தண்ணீரைக் கொடுக்கும் நிலைமை வரக் கூடாது.

பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும்

தாய்மார்களே, இது உங்களுக்கு. அடக்கிக்கொண்டு இருக்காதீர்கள். கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சிறுநீரில் எரிச்சலும் தொற்றும் வரும். மலச்சிக்கல் வரும். கர்ப்பிணிக்கும் சர்க்கரை நோயாளிக்கும் அது பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும். மாடியில் ஒரு மூலையில் இரண்டு கட்டில்களை நிறுத்தி, பாயோ சேலையோ கட்டினால் மறைப்பு தயார். இந்த ஏற்பாட்டை வீட்டு ஆண்கள் செய்ய வேண்டும். பெண்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீர் ஏறிய முதல் மணி நேரத்திலேயே, அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றும்போதே, வாளியையும் ஏற்றுங்கள்.

இரவில் பயன்படுத்த ஒரு டார்ச் விளக்கு அங்கேயே தொங்கட்டும். மாதவிடாய்த் துணி, நாப்கின் இவற்றைக் கழிப்பறைக் கோப்பையிலோ மல வாளியிலோ போட வேண்டாம். தனிப் பையில் கட்டிவையுங்கள்.

குழந்தையின் மலம் தீங்கில்லாதது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியில்லை. பெரியவர்களின் மலத்தைப்போலவே அதிலும் நோய்க் கிருமி இருக்கும். டயப்பரில் இருப்பதை மல வாளியில் உதறிவிட்டு, டயப்பரைத் தனிப் பையில் கட்டுங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு, பெட்பேனில் ஒரு தாளை விரித்து, கொஞ்சம் மரத்தூளைத் தூவிவைத்தால், அப்படியே சுருட்டி வாளியில் போட்டுவிடலாம். கழுவும் தண்ணீர் மிச்சம்.

வயிற்றுப்போக்கு உள்ளவருக்குத் தனி வாளி வையுங்கள். அவருடைய சிறுநீரையும் மலத்தைப்போலவே நடத்துங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்குங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. குழந்தை கண் சொருகினாலோ, சிறுநீர் கழியாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, வடித்த கஞ்சித் தண்ணீர்போல் ஓயாமல் போனாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். படகு கிடைத்தால் படகில் கொண்டுபோங்கள்.

நிரம்பியதை எங்கே வைப்பது?

கட்டிய பைகளை மூடியுள்ள பெரிய டிரம்மில், மழை படாத, வெயில் படும் இடத்தில், நாயும் கோழியும் எட்டாதபடி வையுங்கள். ஓடையிலோ, சாக்கடையிலோ, காலி மனையிலோ வீசாதீர்கள். வெள்ளத்தில் வீசியது நம் வீட்டை விட்டுப் போகும். ஊரை விட்டுப் போகாது.

புதைக்கலாமா என்று கேட்பீர்கள். கடற்கரை மணல் பூமியில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே ஊற்று தெரியும். குழியில் தண்ணீர் சுரந்தால் அங்கே புதைக்கக் கூடாது. நிவாரணப் பணிகளில் பின்பற்றும் அளவு இது: கழிவுக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர், அதாவது சுமார் 100 அடி தள்ளி இருக்க வேண்டும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே ஒன்றரை மீட்டர் மண் இருக்க வேண்டும். மேடான இடத்தில் அப்படி வசதி இருந்தால், பை இல்லாமல் வாளிக்குள் செய்தித்தாள் விரித்துப் பயன்படுத்தி, குழியில் கொட்டி, மேலே ஒன்றரை அடி மண் போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் பையோடு புதைக்காதீர்கள். வசதி இல்லாத வீடுகள் பைகளைச் சேர்த்து வைத்து நகராட்சியிடமோ பஞ்சாயத்திடமோ ஒப்படைப்பதுதான் வழி.

ஒப்படைக்கும்போது ஒரு நியாயம் இருக்கிறது. காய்கறிக் கழிவோடு சேர்த்துத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதை எடுக்க வரும் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்கக்கூடும். பையின் மேல் பெரிதாக "மலம்" என்று எழுதி ஒட்டுங்கள். சிவப்புத் துணி கட்டுங்கள். முன்கூட்டியே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். எழுத வெட்கமாக இருக்கலாம். அந்த ஒரு வார்த்தை ஒரு மனிதரின் கையைக் காப்பாற்றும்.

சிறுநீர் வாளி எளிது. வெள்ளம் வடிந்த மண்ணில், கிணற்றுக்குத் தள்ளி, தென்னை வாழைக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்வரை மூடியுள்ள கேனிலேயே இருக்கட்டும்.

கையும் தண்ணீரும்

இவ்வளவும் செய்துவிட்டுக் கையைக் கழுவாவிட்டால் எல்லாம் வீண். வாளிக்குப் பக்கத்திலேயே, மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலும் ஒரு சோப்பும் கட்டித் தொங்கவிடுங்கள். சோப்பு இல்லையென்றால் சாம்பல். ஒளு செய்வதால் கை சுத்தமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒளு வணக்கத்துக்கான தூய்மை. கிருமி போக சோப்புத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இன்னொன்று. பெருநீரில் அசுத்தம் விழுந்தால், நிறம், மணம், சுவை மாறியிருக்கிறதா என்று பார்ப்பதை நாம் படித்திருக்கிறோம். அது ஒளுவுக்கான சட்டம். குடிப்பதற்கு அந்த அளவுகோல் போதாது. டைபாய்டுக் கிருமி நிறத்தையும் மாற்றாது, மணத்தையும் மாற்றாது. ஆகவே கண்ணாடிபோல் தெளிந்த கிணற்றுத் தண்ணீரானாலும், வெள்ளம் தொட்ட கிணறு என்றால் கொப்புளம் வரக் கொதிக்கவைத்த பிறகே குடிக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு

வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் செய்ய நினைக்கும் முதல் காரியம் செப்டிக் டேங்க்கைக் காலி செய்வது. பொறுங்கள். சுற்றியுள்ள மண் நீரில் ஊறியிருக்கும்போது தொட்டியை வெறுமையாக்கினால், வெளி அழுத்தத்தில் சுவர் வெடிக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் மேலே மிதந்தே வந்துவிடும். சுற்றுப்புற நீர்மட்டம் இறங்கும்வரை இரண்டு வாளியையே பயன்படுத்துங்கள்.

பிறகு உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை அழையுங்கள். அழைக்க 14420 என்ற எண் இருக்கிறது. எந்த நிலையிலும் ஒரு மனிதரை உள்ளே இறக்காதீர்கள். சேற்றுக்கடியில் தேங்கிய நச்சுவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து சாவார். செய்தித்தாளில் "மூவர் பலி" என்று படிக்கிறோமே, பெரும்பாலும் இரண்டாமவரும் மூன்றாமவரும் முதலாமவரைத் தூக்க இறங்கியவர்கள்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமாக்கியிருக்கிறது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் இருக்கட்டும். நம் வீட்டுக் கழிவுக்காக ஒரு குடும்பம் அதன் தலைவனை இழந்தது என்றால், நாளை மறுமையில் என்ன பதில் சொல்வோம்?

வீட்டைக் கழுவும்போது ரப்பர் கையுறை, காலுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் சேற்றை வாருங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கடைசியாக 10 லிட்டர் வாளித் தண்ணீருக்குச் சுமார் 70 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்ததைத் தரையில் ஊற்றி 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். சேற்றின் மேலேயே பவுடரைத் தூவினால் பவுடர்தான் செலவாகும், கிருமி சாகாது. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். கதவு சாத்திய சிறு கழிப்பறையில் உயிருக்கே ஆபத்து.

தரைத் தொட்டியைக் கழுவி, நல்ல தெளிந்த தண்ணீர் நிரப்பிய பிறகு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு குவளையில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றி, 1 மணி நேரம் விடுங்கள். கிணற்றை முழுக்க இறைத்து, சுகாதாரத் துறையினரைக்கொண்டு குளோரின் இட்டுப் பரிசோதித்த பிறகே குடியுங்கள்.

பள்ளிவாசலின் பொறுப்பு

2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தவருக்கும் கதவைத் திறந்தன. தங்க இடமும் சோறும் கொடுத்தன. இன்ஷா அல்லாஹ், இனியும் அப்படியே இருக்கும். ஆனால் 300 பேர் தங்கும் இடத்தில் 4 கழிப்பறை இருந்தால் என்ன ஆகும்? உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு, 20 பேருக்கு ஒரு கழிப்பறை. தொடக்க நாட்களில் அதிகபட்சம் 50 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. பெண்களுடையது தனியாக, வெளிச்சத்தோடு, உள்ளே தாழ்ப்பாளோடு இருக்க வேண்டும். சமையல் நடக்கும் இடம் தள்ளியிருக்க வேண்டும். வெள்ளம் புகுந்த ஹவ்ழை முழுக்க வடித்துத் தேய்த்துக் கழுவாமல் யாரும் வாய் கொப்பளிக்க விடக் கூடாது. நிர்வாகிகள் இதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இன்று வீட்டுக்குப் போனதும்

மூடியுள்ள வாளி இரண்டு, பேசின் ஒன்று, மூடியுள்ள கேன் ஒன்று, கனமான பைகள் ஒரு கட்டு, ஒரு சாக்கு உமி அல்லது நார்த்தூள், ஒரு பொட்டலம் நீற்றிய சுண்ணாம்பு, வெட்டிய பழந்துணி, சோப்பு, கையுறை, டார்ச், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 10. சிறு பொருட்கள் எல்லாம் அந்த வாளிக்குள்ளேயே அடங்கும். அதை மாடியில் வையுங்கள். தரைத்தளத்தில் வைத்தால் முதலில் மிதப்பது அதுதான்.

தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பெடுத்தால் போதும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தனியாக இருக்கும் முதியவர்கள் யார், கர்ப்பிணி யார், படுக்கையில் இருப்பவர் யார், எந்த வீட்டில் மாடி இல்லை என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீடு எந்தச் சமயத்தவருடையது என்று பார்க்க வேண்டாம். நம் கழிவு அவர்கள் கிணற்றுக்கும் போகும், அவர்களுடையது நம் கிணற்றுக்கும் வரும். அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு உயர்த்திச் சொல்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மழையை ரஹ்மத்தாக இறக்குமாறு அல்லாஹ்விடம் கேட்போம். சோதனையாக இறங்கினால், நம்மால் பிறருக்கும் பிறரால் நமக்கும் தீங்கு நேராமல் அவன் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.